நிற்கத் தெரிந்த செடி

சித்திரை வெயில் வந்தால் நாம் குடையைத் தேடுகிறோம். திண்ணை நிழலில் ஒதுங்குகிறோம். வயலில் நிற்கும் செடி எங்கே ஒதுங்கும், பாவம்! நாள் முழுதும் வெயிலைக் குடித்தே அது வாழவேண்டும். அந்த வெயிலில்தான் அதற்கு ஆபத்தும் இருக்கிறது.

செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற இரட்டை இழை உண்டு. இலை எப்படி, வேர் எப்படி என்ற விவரமெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொண்டு விடுகின்றன. அவற்றைப் பிரித்துவிட 'ஃபோட்டோலையேஸ்' என்ற புரதம் ஓடி வருகிறது. அதற்குச் சக்தி கொடுப்பது எது தெரியுமா? அதே வெயிலின் நீல ஒளிதான்!

இரண்டு இழையுமே அறுந்துபோனால்? இதைப் படித்தபோது எனக்கு ஜலகண்டாபுரத்துச் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. பாவில் ஓர் இழை அறுந்தாலும் அவர் தறியை நிறுத்திவிடுவார்.

"ஏனுங்க, சேலைக் கணக்குக்குத்தானே கூலி? இப்படி நின்னு நின்னு நெய்தா உலை எப்படிக் கொதிக்கும்?" என்பாள் சித்தி.

"அறுந்ததோட ஓட்டினா சேலை முழுக்கக் கோடு விழுமே!" என்று சொல்லிக்கொண்டே இழையை முடிவார் அவர்.

சித்தி சொன்னதிலும் நியாயம் இருந்தது. நின்ற நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

செடிக்கும் இதே சங்கடந்தான். உயிரணு இரண்டாகப் பிரியும் முன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கவேண்டும். பழுதோடு பிரிந்தால் பழுதும் பெருகும். நின்றாலோ வளர்ச்சி தடைப்படும். கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில், "நிறுத்து!" என்று உத்தரவிடும் மேஸ்திரியைக் கண்டுபிடித்தார்கள். 'ஸாக்-1' என்ற அந்தப் புரதத்தின் மரபணு 2009-ல் அடையாளம் காணப்பட்டது. பிரிவதை நிறுத்துவதும், பழுது பார்ப்பவர்களைக் கூப்பிடுவதும் அதன் வேலை. வேர் நுனியில் தேறாத இளம் அணுவை மடியச் செய்வதும் அதுவே. அணு போகிறது, வேர் பிழைக்கிறது.

ஸாக்-1 கெட்டுப்போன செடிக்குக் காமாக் கதிர் காட்டிப் பார்த்தார்கள். அது நிற்காமல் வளர்ந்தது! ஆனால் பரம்பரை விவரங்கள் உள்ளுக்குள்ளே அதிகமாகத் தொலைந்துகொண்டிருந்தன. சித்தப்பா பயந்த கோடு இதுதான்.

மனிதர் வேண்டுமென்றே இழையைக் கலைத்ததும் உண்டு. ஈரோடு மஞ்சளுக்கு எக்ஸ் கதிர் காட்டி, அதிலிருந்து பொறுக்கியெடுத்த ரகந்தான் 1986-ல் வெளியான பவானிசாகர் பி.எஸ்.ஆர்.1. பழுதிலும் ஒரு நல்லது பிறந்தது, வாஸ்தவந்தான். ஆனால் அதைப் பொறுக்கியெடுக்க மனிதர் வேண்டியிருந்தது. ஆளில்லாத காட்டில், செடி தன் சேலையைத் தானேதான் பார்த்து நெய்துகொள்ள வேண்டும்.