மலைக்கு ஒரு ஜெட், தரைக்கு ஒரு ஜெட்

அடிவாரத்தில் கணீரென்று கத்திக்கொண்டு கிளம்பும் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், ஏற்காட்டு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும்போது குரல் கம்மிப்போகும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சட்டென்று பாயாது. ஒரு கணம் இழுத்துப் பிடித்து, புகையைக் கக்கி, அப்புறம்தான் எழும்பும். "மேல போகப் போகப் பெட்ரோலு அதிகமாயிருது கண்ணு, வண்டிக்கு மூச்சு முட்டுது" என்பார் எங்கள் மெக்கானிக் அண்ணன்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்காவது குறைவு. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதற்குள் பெட்ரோல் வரும் சின்னப் பித்தளைத் திருகான ஜெட்டில் போட்ட துளை எவ்வளவோ, அதற்கேற்பப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் மனிதன் இறங்கி, கார்புரேட்டரைத் திறந்து, சின்னத் துளையுள்ள ஜெட்டை மாட்ட வேண்டும்.

நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது அண்ணனின் கடை. ஒரு பக்கம் வெல்டிங் பொறி, இன்னொரு பக்கம் தகடு அடிக்கும் சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளும் ஒரு ஆர்எக்ஸின் ஐட்லிங்கை மட்டும் பிரித்துக் கேட்கிற காது அவருக்கு. எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985 இறுதியில் கொண்டுவந்த வண்டி அது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. இவ்வளவு லேசான உடம்புக்கு அந்தச் சக்தி தாராளம். புல்லட்டும் ராஜ்தூத்தும் பார்த்துப் பழகிய ஊருக்கு அது வேறு உலகத்து வண்டியாகத் தெரிந்தது. வசதியான வீட்டுப் பையன்களிடம் முதலில் வந்தது. பிறகு கோழிப்பண்ணைக்காரர்கள், போர்வெல் ரிக் வண்டி முதலாளிகள் வீட்டுப் பிள்ளைகள், கருப்பூர் இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்கள் என்று எல்லோர் கையிலும்.

ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு ஜெட் மாற்றும் வேலையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய்ப் படகுத்துறையில் சுற்றிவிட்டு வருகிறவர்கள் கொஞ்சம் புகையைப் பொறுத்துக்கொள்வார்கள். மலையேற்றத்தில் கைக்கடிகாரம் பார்த்து ஓட்டுகிற கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களுக்குத்தான் அண்ணன் தேவைப்பட்டார். கொல்லிமலை என்றால் இன்னும் கடுமை. காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர் என்றே போகிற பாதை.

அண்ணன் ஜெட் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு இன்ஜினை ஓடவிடுவார். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக அணையும். திறக்கும்போது சூடான இன்ஜின் மேல் சொட்டக்கூடாதே. முன்னும் பின்னும் உள்ள கிளாம்ப்களைத் தளர்த்தி, கார்புரேட்டரை முழுதாகக் கழற்றாமல் தன் பக்கமாகச் சாய்ப்பார். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு. நம் ஊர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராமல் தலையை மழுக்கிவிடும். அதனால் எல்லாவற்றையும் முன்பே எடுத்துவிட்டு ஆலன் போல்ட் போட்டு வைத்திருந்தார். கிண்ணம் இறங்கியதும் மிதவை தொங்கும். நடுவே மெயின் ஜெட். அதற்கென்றே ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை அரத்தால் ராவி, ஜெட்டின் வெட்டுக்கு மயிரிழை பிசகாமல் பொருந்தும்படி செய்திருந்தார். பித்தளை மெத்தென்ற உலோகம். தப்பான முனையால் ஒருமுறை திருகினால் வெட்டு சிதைந்துவிடும். புது ஜெட்டை முதலில் விரலால்தான் ஏற்றுவார். மரை சரியாகப் பிடித்துவிட்டது என்று விரல் சொன்ன பிறகே ஸ்க்ரூடிரைவர், அதுவும் கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும். எதிர்க்கடையில் சொன்ன டீ கைக்கு வருவதற்குள் வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஜெட்டுகளைப் பழைய ஃபிலிம் ரோல் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். டப்பா மூடியில் எண். எண் கூடினால் துளை பெரிது. அடைப்பு எடுக்கக் குண்டூசியைக் கிட்டவே விடமாட்டார். கரண்ட் ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி நுழைப்பார், பிறகு வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்ப்பார். லாரிகள் கிளப்பும் புழுதியும் மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் அந்நாளில் அவருக்கு ஓயாத வேலை கொடுத்தன.

மாற்றியது சரியா என்பதற்கு ஸ்பார்க் பிளக்தான் சாட்சி. ஓடி வந்த வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிக் கையில் உருட்டிப் பார்ப்பார். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, ஆபத்து. பிஸ்கட் நிறம் வந்தால் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். மலைக்குப் போட்ட ஜெட்டோடு இறங்கி வந்து சமவெளியில் முறுக்கக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவார். கீழே காற்று கெட்டி. சின்னத் துளை அதற்கு ஈடுகொடுக்காது. சூடு ஏறி பிஸ்டன் ஜாம் ஆகும். ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் வரவு இன்ஜினின் சூட்டைத் தணிக்கிற வேலையையும் செய்கிறது. அது குறைந்தால் மன்னிப்பு இல்லை. "இறங்குனதும் மொதல்ல தரை ஜெட்டப் போடு சாமி, அப்பறம் வீட்டுக்குப் போ" என்பார்.

இதே வேலையை அமெரிக்க மணல் மேடுகளில் யமஹா பான்ஷி என்ற நான்கு சக்கர விளையாட்டு வண்டிக்காரர்களும் செய்தார்கள் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். இரட்டை சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். உயரம் மாறும்போதெல்லாம் இரண்டையும் திறக்க வேண்டும். அதன் இன்ஜின் ஆர்டி 350 வம்சம். அந்த வம்சத்தின் இன்னொரு கிளைதான் நம் ஊரில் 1983 முதல் ராஜ்தூத் 350 என்று ஓடியது. அண்ணனிடம் இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

புகைக் கட்டுப்பாடு இறுகியதால் 1996இல் ஆர்எக்ஸ் 100 நின்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்ததும் புது பைக்குகளிலிருந்து கார்புரேட்டரும் ஏறக்குறைய விடைபெற்றது. இப்போது காற்றழுத்தத்தைச் சென்சார் அளந்து சொல்ல, இன்ஜெக்டர் தானே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஏற்காட்டின் உச்சியிலும் வண்டியின் குரல் அடிவாரத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது. ஊர்க் காற்றுக்கு அதனால் நல்லதுதான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் நாம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறோம் என்பதை வண்டி முறுக்கிய கைக்கே சொன்ன காலம் ஒன்று இருந்தது. அது என் உடம்பில் இன்னும் இருக்கிறது. புது வண்டியில் மலையேறும்போதும் பாதி வழியில் என் காது அந்தக் கம்மலை எதிர்பார்க்கிறது.

அண்ணனின் மகன் இப்போது ஸ்கேனரை மாட்டிக் கோளாறு பார்க்கிறார்; தகப்பனைப் போலவே கவனமான கை. பழைய ஆர்எக்ஸைப் புதுப்பித்து ஓட்டும் பையன்கள் அவரிடம்தான் வருகிறார்கள். வெளியில் கிடைக்கும் போலி ஜெட்டுகளில் எண் ஒன்று, துளை ஒன்றாக இருக்கிறது. நம்பிப் போட முடியாது. அப்பாவின் டப்பாக்களில் மிச்சமிருக்கும் மிக்குனி கம்பெனியின் அசல் ஜெட்டுகளை அவர் விலைக்குத் தருவதில்லை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் தானே மாட்டி அனுப்புவார். மலையிலிருந்து இறங்கியதும் கொண்டுவந்து திருப்பித் தந்துவிட வேண்டும்.