அது பழைய கூடு இல்லை

பிள்ளைகளுக்குப் பறவைகளைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்று எங்கள் ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயருக்கு நான் தகுதியானவன் இல்லை. முட்டையிருந்த கூட்டைப் பறித்துவிட்டு, கேட்ட குழந்தையிடம் பொய் சொன்னவன் நான்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கிணற்றுப் பக்கம் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. நீளமாகக் குழாய் தொங்கும் கூடாகப் பார்த்து, மேசையில் எடுப்பாக இருக்குமென்று துரட்டியால் கிளையோடு இழுத்தேன். குழாய் முடிந்த கூடு என்றால் பெரும்பாலும் உள்ளே பெண் குருவி குடியேறியிருக்கும். எனக்கு அது தெரியாது என்பது சமாதானம் ஆகாது. தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை. கீழே விழுந்த கூட்டுக்குள் வெள்ளை முட்டைகள் உடைந்து கிடந்தன. பிள்ளைகள் வருமுன் துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தேன்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “சார், இதுக்குள்ள இருந்த குருவி எங்க போச்சு?”

“இது பழைய கூடும்மா. வேணாம்னு விட்டுட்டுப் போயிடுச்சு.”

அவள் கேட்டதுதான் பாடம். அங்கிருந்து தொடங்கியிருந்தால் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஆண் குருவிதான் நெல் தாளையும் புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து பின்னுகிறது. ஒரு கூடு முடிய ஐந்நூறு முறை வரைகூடப் பறக்கும். கூடு பாதி வளர்ந்து தலைக்கவசம் போலத் தொங்கும்போது பெண் வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை. பிடிக்காதவை அரைகுறையாகவே மரத்தில் நின்றுவிடும். அடைகாப்பது பெண். ஆணோ அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணை அழைக்கும். சாலிம் அலி 1930-இல் மகாராஷ்டிரக் கடற்கரை ஊரான கிஹிமில் இந்தக் குருவிகளைப் பொறுமையாகக் கவனித்துத்தான் இந்தக் குடும்ப வழக்கத்தை உலகுக்குச் சொன்னார். எங்கள் கிணற்றுமேட்டு நிழலில் பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்காரவைத்திருந்தால் இதில் பாதியை அவர்களே கண்ணால் பார்த்திருப்பார்கள். நானோ, மின்மினியைக் களிமண்ணில் ஒட்டிக் குருவி விளக்கேற்றும் என்ற ஆதாரமில்லாத கதையை அட்டையில் எழுதிக் கூட்டின் பக்கத்தில் வைத்தேன்.

அந்த மேசைக்குப் பரிசு கிடைத்தது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கனக்கிறது. பையன்கள் கூடுகளைப் பறித்துக்கொண்டு வந்து ஆசையாக என்முன் நீட்டத் தொடங்கினார்கள். இலையைச் சேர்த்துத் தைத்த தையல்சிட்டின் கூடு, சிலந்தி நூலால் கட்டிய தேன்சிட்டின் கூடு. எல்லாரையும் தட்டிக்கொடுத்தேன். அலமாரியில் அடுக்கிப் பெயர் எழுதி ஒட்டினேன். எந்தக் கூட்டில் என்ன இருந்தது என்று ஒருவனிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் குலைப்பதையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வகுத்திருக்கிறது. அதைப் பின்னால்தான் படித்தேன். ஆனால் சட்டத்தை மீறியதைவிட, குருவியைப் பார்த்ததும் அதன் கூட்டைக் கைப்பற்றத் தோன்றும்படி அந்தப் பிள்ளைகளைப் பழக்கியதையே பெரிய குற்றமாக நினைக்கிறேன்.

அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது தகப்பன். சமீபத்தில் கடைவீதியில் பார்த்தபோது, “பொண்ணுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் சார். கிணத்துமேட்டுல நல்ல கூடா ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்” என்றான். குரலில் அத்தனை மகிழ்ச்சி. “பறிக்காதப்பா, பிள்ளைய மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டு” என்றேன். “ஏன் சார், நீங்கதானே எங்களை எடுத்துட்டு வரச் சொல்வீங்க?” என்று கேட்டான். முகத்துக்கு நேரே பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவன் இதைப் படிக்க வேண்டும். அன்று விரலை விட்டுப் பார்த்தவளும் படிக்க வேண்டும்.