அசதின்னா சோம்பல் இல்லைங்க

போன தடவை மஞ்சள் விலை பத்தி எழுதியிருந்தேன். இந்தத் தடவை மஞ்சள் நட்ட கையைப் பத்தி.

எனக்கு வயசு 54. சர்க்கரை வந்து 11 வருஷமாச்சுங்க. ரெண்டு வருஷமா ஒரு தொந்தரவு. மம்முட்டியைப் பிடிச்சு நாலு பாத்தி தாண்டறதுக்குள்ள தோள்பட்டையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சத்தே இல்லாமப் போயிரும். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. கை சொன்ன பேச்சைக் கேட்காது, அவ்வளவுதான். வெளியே ஒண்ணும் தெரியாததால பார்க்கறவங்களுக்கு அது சோம்பலாத் தெரியும். "அண்ணா, பேசாம குத்தகைக்கு விட்டுட்டு உட்காருங்க"ன்னு பக்கத்துத் தோட்டத்துத் தம்பி சொல்லிட்டான். வீட்டிலயும் அதே பேச்சு. தடப்பள்ளி வாய்க்கால் தண்ணி பாயற மூணு ஏக்கரா அது, எங்க அப்பா உழுத மண்ணு. அதனால, முடிவெடுக்கறதுக்கு முன்னாடி காரணத்தைத் தெரிஞ்சுக்கணும்னு டாக்டர்கிட்டப் போனேன்.

அவங்க சொன்னதை நம்ம பாஷையில சொல்றேன். வாய்க்கால்ல தண்ணி கரை புரண்டு ஓடுது, ஆனா மடை சரியாத் திறக்கலை, வயல் காயுது. சர்க்கரை நோயில தசையோட நிலைமை இதுதான். ரத்தத்துல சர்க்கரை நிறைய இருக்கும். மடையைத் திறக்கற இன்சுலின் குறைஞ்சாலோ, அது சொல்றதைத் தசை கேட்காமப் போனாலோ, சர்க்கரை உள்ளே போகாது. தசை பட்டினி கிடக்கும். அது நாள்பட்டா தசையே கரைய ஆரம்பிச்சிரும். நரம்பு பாதிச்சாலும் பலம் குறையும்.

காரணம் அது ஒண்ணு மட்டும் இல்லைங்க. மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்காச் சாப்பிட்டா சிலருக்கு பி12 வைட்டமின் குறையும். கொழுப்புக்குத் தர்ற ஸ்டாடின் மாத்திரை சிலருக்குத் தசை வலி, சோர்வு தரும். பிரஷருக்கு நீர் பிரியக் கொடுக்கற சில மாத்திரைகள் பொட்டாசியத்தை இறக்கிரும். தைராய்டு, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு இதெல்லாமும் இருக்கலாம். ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா தூக்கமும் கெட்டுப் போகும்.

சோர்வுன்னதும் "இளநி குடிங்க"ன்னு ஊரே சொல்லும். சிறுநீரகம் கெட்டவங்களுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே தேங்கியிருக்கலாம். இளநில அது ஜாஸ்தி. டாக்டரைக் கேட்காமக் குடிக்காதீங்க. மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க.

எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. மூணு மாசச் சராசரிச் சர்க்கரை 9.2, பி12 ரொம்பக் கம்மி. தைராய்டும் சிறுநீரகமும் நல்லா இருந்துச்சு. ஊசி போட்டாங்க, மாத்திரையை மாத்தினாங்க. முட்டை, பயறு சேர்த்துக்கச் சொன்னாங்க. "வேலையை அடியோட விட்றாதீங்க. தசை அசையறப்போ இன்சுலின் இல்லாமலேயே கொஞ்சம் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கும்"னு அவங்க சொன்னது எனக்குப் பெரிய தெம்பு. சும்மா உட்கார்ந்தா தசை இன்னும் கரையும். அதுக்காக முடியாத வேலையை இழுத்துப் போட்டாலும் ஆகாது.

ஆறு மாசத்துல பாதி பலம் திரும்பியிருக்குது. முழுசும் வரலைங்க. ஒரு ஏக்கராவைக் குத்தகைக்கு விட்டேன். மீதி ரெண்டையும் நானே பார்க்கறேன். கொத்து வேலை காலையில ஒரு மணி நேரம், இடையில ரெண்டு தடவை நிழல். மஞ்சள் வெட்டுக்கு ஆள்தான்.

உங்க வீட்டுல யாராச்சும் "கை ஓஞ்சு போகுது"ன்னு சொன்னா, "சாப்பிட்டுத் தூங்கு, சரியாயிரும்"னு விட்றாதீங்க. ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்க. ஒரு பக்கக் கையோ காலோ திடீர்னு விழுந்தாலோ, கூடவே நெஞ்சு அடைச்சாலோ அது வேற சமாச்சாரம். அன்னிக்கு வண்டிக்குக் காத்திருக்காம 108-ஐக் கூப்பிடுங்க.

அடுத்த பதிவுல கரும்புத் தோகையை எரிக்காம மூடாக்குப் போட்டது பத்திச் சொல்றேங்க.