டிவிடெண்ட் மாதிரிதான் மாமா

என் அக்கா கணவர் என்னைப் பங்குச்சந்தையில் கரைகண்டவன் என்று இன்றும் நம்புகிறார். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் நாலு பேரிடம் அப்படிச் சொல்லியும் வைத்திருக்கிறார். உண்மையில் நான் அவருக்குத் தவறாகச் சொன்னேன். தவறு என்று தெரிந்த பிறகு மறைத்தேன். மறைத்ததால் அவருக்கு லாபம் வந்தபோது அதற்கான பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். மூன்றையும் எழுதிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். ஃபெரோ மாங்கனீஸ் மூட்டை மூட்டையாக வரும். கரும்பழுப்புக் கட்டிகள், உடைந்த முகத்தில் மட்டும் வெள்ளிப் பளபளப்பு. கையில் எடுத்தால், பார்வைக்குத் தெரிவதைவிடக் கனம். எஃகில் கந்தகத்தின் கெடுதலை அடக்குவதும் உறுதியைக் கூட்டுவதும் இந்த மாங்கனீஸ்தான். மூட்டையை எடைபோட்டவனுக்குச் சுரங்கக் கம்பெனியையும் எடைபோடத் தெரியும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் எம்.ஓ.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் மீது கண் விழுந்தது அப்படித்தான். மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட்டிலும் மகாராஷ்டிரத்தின் நாக்பூர், பண்டாரா மாவட்டங்களிலும் மாங்கனீஸ் தோண்டுகிறது. கோல் இந்தியா, என்.எம்.டி.சி. போன்ற அரசுச் சுரங்கக் கம்பெனிகளின் பக்கத்தில் நிறுத்தினால் சின்னக் கம்பெனி. 2021 டிசம்பரில் அது பை-பேக் அறிவித்தது: பங்கு 205 ரூபாய் வீதம் 3.38 கோடிப் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், மொத்தச் செலவு சுமார் 694 கோடி ரூபாய்.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். அப்போது மொத்தப் பங்குகள் 23.73 கோடி. 205-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4,865 கோடி. 694-ஐ அதனால் வகுத்தால் 14 சதவீதத்துக்கு மேல். இதற்குப் பெயர் பை-பேக் ஈல்ட். வங்கி டெபாசிட் ஆறு சதவீதம் தருவதே அரிதாக இருந்த காலம். 14 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா ஆவடி டேங்க் ஃபாக்டரியில் ரிட்டயர் ஆனவர். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைப் போட வைத்தேன். வாங்குவதற்கு முன் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாப்ளே, இந்தப் பதினாலு எனக்கு எப்படி வரும்?"

சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. "பார்த்துச் சொல்றேன் மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னது இதுதான்: "டிவிடெண்ட் மாதிரிதான் மாமா. தானா அக்கவுண்டுக்கு வந்துரும்."

வராது. டிவிடெண்ட் பங்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும். இந்த பை-பேக் டெண்டர் முறை. பங்கைக் கொடுக்கிறேன் என்று குறித்த நாளுக்குள் நாமே பதிவு செய்ய வேண்டும். யார் யார் பங்குதாரர் என்று கணக்கெடுக்கும் ரெக்கார்ட் தேதியில் இரண்டு லட்சம் ரூபாய் மதிப்புக்குள் வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. நிறையப் பேர் கொடுத்தால், கொடுத்ததில் ஒரு பகுதியைத்தான் எடுப்பார்கள். சும்மா இருந்தவனுக்குக் கையில் காசு வராது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது டெண்டர் கடிதம் வந்த அன்று. எனக்கு ஒன்று வந்தது, மாமாவுக்கும் ஒன்று வந்தது. அவருக்கு ஈமெயில் கிடையாது. டீமேட் கணக்குக்காக நான்தான் ஒரு ஜிமெயில் தொடங்கி, பாஸ்வேர்டையும் நானே வைத்திருந்தேன். என் கடிதத்தைத் திறந்தேன், என் பங்குகளைக் கொடுத்தேன். அவருடையது திறக்காமலே கிடந்தது.

ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் கணக்கில் பதிய வேண்டுமானால் ஓ.டி.பி. கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். "தானா வந்துரும்னு சொன்னியே?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். இன்னொன்றும் உண்டு, அதுதான் அதிகம் கூசுகிறது: சிறு முதலீட்டாளர்களில் எவ்வளவு பேர் கொடுக்காமல் இருக்கிறார்களோ, அந்த அளவுக்கு என் பங்கு அதிகமாக எடுபடும் என்றும் மனசில் ஓடியது. மாமாவின் சில நூறு பங்குகளால் விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. அது தெரிந்தும்தான் ஓடியது.

எடுத்துக்கொண்ட பங்குகளுக்கு எனக்குப் பணம் வந்தது. மாமா கேட்டபோது, "உங்களுக்கு லாங் டெர்ம்தான் நல்லது, வெச்சிருங்க" என்றேன். அடுத்த சில மாதங்கள் விலை 205-க்குக் கீழேயே கிடந்தது. அந்த நாட்களில் அக்கா வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

குற்ற உணர்ச்சியில்தான் இந்தக் கம்பெனியின் பழைய கணக்குகளைப் புரட்டினேன். முதல் கட்டத்திலேயே தடுமாறினேன். 2010 டிசம்பரில் ஐ.பி.ஓ. வந்தபோது 16.8 கோடிப் பங்குகள். இப்போது அதைவிட அதிகம். திரும்பத் திரும்ப பை-பேக் செய்த கம்பெனியில் பங்கு எப்படிக் கூடியது? 2017-ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்திருந்தார்கள். அதைச் சரிக்கட்டிப் பார்த்தால் 33.6 கோடி, 2016 பை-பேக்குக்குப் பின் 26.64, 2018-ல் 25.76, 2020-ல் 23.73, 2022-ல் 20.35. நூறு பங்கில் முப்பத்தொன்பதுக்கு மேல் காணாமல் போயிருந்தது.

"நம்ம பங்கு மலிவுன்னு நிர்வாகத்துக்கே தெரியுது, அதான் வாங்குறாங்க" என்று மாமாவிடம் அடித்துவிட்டிருந்தேன். அதுவும் புஸ். 2016 மே மாதம் மத்திய நிதியமைச்சகத்தின் முதலீட்டு, பொதுச் சொத்து மேலாண்மைத் துறை ஒரு வழிகாட்டுதல் போட்டது: நிகர மதிப்பு குறைந்தது 2,000 கோடியும் ரொக்கக் கையிருப்பு 1,000 கோடிக்கு மேலும் உள்ள பொதுத்துறை நிறுவனங்கள் பை-பேக் செய்ய வேண்டும். என்.எம்.டி.சி. அந்த ஆண்டே 94 ரூபாய் வீதம் 7,500 கோடிக்கு மேல் செலவழித்தது. நம் நெய்வேலி என்.எல்.சி.யும் அந்த வரிசையில் நின்றது. பெரும்பங்குதாரரான அரசும் தன் பங்கைக் கொடுத்து, கஜானாவுக்குப் பணம் எடுத்துக்கொண்டது. இந்த எம்.ஓ.ஐ.எல். 2018-ல் 240 ரூபாய்க்கு வாங்கியது, 2020-ல் 152-க்கு வாங்கியது. மலிவு பார்த்து வாங்கும் கை இப்படி வாங்காது. கம்பெனி எதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் பொதுவெளியில் இருந்தது. படிக்காதவன் நான்.

பதினாலு சதவீதத்தின் அர்த்தமும் அப்போதுதான் பிடிபட்டது. நாலு அண்ணன் தம்பிகள், பொதுவில் நிலமும் பெட்டியில் பணமும் இருக்கிறது. ஒருவன் பெட்டியிலிருந்து தன் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு விலகுகிறான். மீதி மூவருக்கும் நிலத்தில் பங்கு கூடுகிறது, பெட்டியில் பணம் குறைகிறது. விலகியவனுக்குக் கொடுத்தது நியாய விலையைவிடக் குறைவென்றால் இருப்பவர்களுக்கு லாபம், கூடுதலென்றால் நஷ்டம். அன்றைய சட்டப்படி பை-பேக்குக்கு 20 சதவீத வரியும் அதன் மேல் சர்சார்ஜும் கம்பெனி தலையில் விழுந்தன. அதையும் சுமந்தவர்கள் இருப்பவர்களே. 2024 அக்டோபர் முதல் அந்த வரி பங்கைக் கொடுப்பவர் பக்கம் மாற்றப்பட்டது. ஆக, ஆண்டாண்டு காலம் சேர்ந்த பணம் ஒருமுறை வெளியே போவதை, வருடா வருடம் வரும் வருமானம் போல நான் படித்திருந்தேன். தோண்டத் தோண்டத் தீரும் சொத்தில் பங்குக்கு எவ்வளவு தாது மிச்சம், ஆழத்துக்குப் போகப் பணம் மிச்சமா என்று கேட்கவே இல்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2024 மார்ச்சில் வட ஆஸ்திரேலியாவின் க்ரூட் ஐலண்டை மேகன் புயல் தாக்கியது. உலகின் பெரிய மாங்கனீஸ் சுரங்கங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. துறைமுக மேடை உடைந்து ஏற்றுமதி நின்றது, தாது விலை எகிறியது. இங்கே எம்.ஓ.ஐ.எல். பங்கு அந்த ஜூலையில் 500 ரூபாயைத் தாண்டியது. நான் 205-க்குக் கொடுத்துவிட்டவன். மாமாவிடம் எல்லாம் அப்படியே இருந்தது. பங்குகள் குறைந்திருந்ததால், லாபம் மாறாவிட்டால்கூட ஒவ்வொரு பங்குக்கும் பதினாறு சதவீதத்துக்கு மேல் கூடுதல் உரிமை. பை-பேக் ஈல்ட் உண்மையில் போய்ச் சேர்வது கொடுக்காமல் இருந்தவனுக்கு. நான் யாரை ஏமாற்றினேனோ, அவருக்கே அது கிடைத்தது.

மாமா பாதியை விற்று, வந்த பணத்தையும் சேர்த்து வீட்டுக்கு மேல்தளம் எழுப்பினார். கிரகப்பிரவேசத்தில் சொந்தக்காரர்கள் முன்னால், "எல்லாம் மாப்ளே போட்ட கணக்கு. அன்னிக்கே வெச்சிருங்கன்னு சொன்னான்" என்றார். நான் மறுக்கவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு நஷ்டம் வந்திருந்தால் என்றைக்கோ உண்மை வெளியே வந்திருக்கும், திட்டும் வாங்கியிருப்பேன். லாபம் வந்ததால்தான் இது இத்தனை வருஷம் மூடிக் கிடந்தது. மாமா பத்திரிகை படிப்பவர், இதையும் படிப்பார். நேரில் போய்ச் சொல்லும் தைரியம் வராமல்தான் எழுதுகிறேன். அதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.