மாதிரிக்கு ஒரு போல்ட்

பாலக்கோடு கடைத்தெருவில் போல்ட் வாங்கப் போகிறவன் பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வாயால் அளவு சொன்னால் கடைக்காரர் காதில் வாங்கமாட்டார். "மாதிரி கொண்டாந்தியா?" என்பார். கொடுத்ததை விரல் நுனியில் உருட்டிப் பார்ப்பார். டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்து, இரண்டையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடிப்பார். "இதான், போ." பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருக்கும்.

அப்பாவின் பட்டறை அப்படித்தான் ஓடியது. போர்வெல் மோட்டார், பவர் டில்லர், எப்போதாவது டிராக்டர். தக்காளி காய்பிடிக்கிற நேரத்தில் மோட்டார் நின்றுபோனால் ஆட்கள் இரவு பத்து மணிக்கும் கதவைத் தட்டுவார்கள். எந்தப் பார்ட்டுக்கும் எண் கிடையாது. எண் இருந்தாலும் அந்தப் பார்ட் தர்மபுரியில் கிடைக்காது. ஸ்பானர் எட்டாத இடத்தில் பைப்பை மாட்டி இறுக்குவோம். எவ்வளவு இறுக்குவது என்று கேட்டால், "கைக்குத் தெரியும்டா" என்பார் அப்பா. அவர் கைக்குத் தெரிந்தது. பத்தாவது படிக்கும்போதே என் கைக்கும் தெரியத் தொடங்கியிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

விமானப் பராமரிப்புப் படிக்கப் போன இடத்தில் நான் முதலில் கைவிட வேண்டியிருந்தது அந்தக் கர்வத்தைத்தான். புதிதாகக் கற்றுக்கொண்டது எளிது. கைவிட்டதுதான் இழுத்தடித்தது.

பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் நன்றாக வந்தன. பொறியியல் கல்லூரிகள் வீதிக்கு ஒன்றாக முளைத்திருந்த காலம் அது. சொந்தக்காரர் ஒருவர் ஏ.எம்.இ. என்றொரு விமானப் பராமரிப்புப் படிப்பைப் பற்றிச் சொன்னார். ஊரில் அது 'ஏரோப்ளேன் படிப்பு' ஆகிவிட்டது. "எப்படா ஓட்டப் போறே?" என்று அத்தைகள் கேட்டார்கள். ஓட்டுகிற வேலை இல்லை, பழுதுபார்க்கிற வேலை என்று விளக்கினால் முகங்கள் வாடும். அதற்கா இவ்வளவு கடன், அப்பன் பட்டறையே போதாதா என்று அந்த முகங்கள் கேட்பது போலிருக்கும். சில இடங்களில் விளக்காமலே சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

விமானம் என்றால் பெங்களூரு, சென்னை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் பழைய மாவட்டத்துக்குள்ளேயே ஓடுதளம் ஒன்று இருந்தது எனக்குக் கல்லூரி சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஓசூர் பக்கம் தளி சாலையில் பெலகொண்டப்பள்ளி. 2004-இல் கிருஷ்ணகிரி பிரியும்வரை அதுவும் தர்மபுரி மாவட்டம்தான். தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் அங்கே இத்தாலியின் பார்ட்டனேவியா வடிவமைத்த பி-68 என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானத்தைத் தயாரித்தது. பின்னால் அதே இடத்தில் ஏர் வொர்க்ஸ் நிறுவனத்தின் ஹேங்கர்களுக்குப் பயணிகள் விமானங்கள் பராமரிப்புக்கு வந்தன. கடற்படையின் பி-8ஐ ரோந்து விமானங்களுக்கும் அங்கே பராமரிப்பு நடந்திருக்கிறது. தக்காளி லாரி ஓசூர் போகும் வழியில் இருந்து கொஞ்சம் விலகினால் போயிங். எங்கள் பள்ளியில் ஒரு வாத்தியாராவது அதைச் சொல்லியிருக்கலாம்.

படிப்பின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். கல்லூரி தரும் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. லைசென்ஸ் தருவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. மட்டுமே. எஞ்சினும் உடற்பகுதியும் பார்க்கிறவருக்கு பி1, மின்னணு சாதனங்கள் பார்க்கிறவருக்கு பி2. தேர்வு பாடவாரியாக, மாட்யூல் மாட்யூலாக நடக்கும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். 74 என்பது ஃபெயில். மாட்யூல்களை முடித்த பிறகும் பறக்கிற விமானங்களில் வேலை பார்த்த அனுபவத்தை லாக்புக்கில் காட்ட வேண்டும். அதற்கும் மேலே, குறிப்பிட்ட விமான வகைக்குத் தனிப் பயிற்சி முடித்தால்தான் அந்த விமானத்தைப் பறக்க விடலாம் என்று கையெழுத்துப் போட முடியும். அதுவரை நாம் டெக்னீஷியன். வேலை நம்முடையது, கையெழுத்து இன்னொருவருடையது. நான்கு வருடத்தில் லட்சத்தில் சம்பளம் என்று தர்மபுரி பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பதை நம்பிச் சேர்ந்தவர்களில் பாதியில் ஆறேழு மாட்யூலோடு நின்றுவிட்டு, இன்று வேறு வேலையில் இருக்கிறவர்களை எனக்கே தெரியும். கெட்டிக்காரர்கள்தான் அவர்கள். காசும் பொறுமையும் தீர்ந்துபோயின, அவ்வளவுதான்.

முதல் சில மாதங்கள் விமானத்தைத் தொடவிடவில்லை. அரம் பிடித்து இரும்புத் தகட்டைச் சதுரமாக்குவது, ரிவெட் அடிப்பது, மைக்ரோமீட்டர் படிப்பது. இதெல்லாம் பட்டறைப் பையனுக்குப் பாயாசம். மற்ற பையன்கள் கை கொப்பளித்து நின்றபோது நான் முடித்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். பயிற்றுநர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். என்னை அவர் பாராட்டவும் இல்லை.

சிக்கல் லாக்வயரில் ஆரம்பித்தது. விமானத்தில் போல்ட்டை இறுக்கியதோடு வேலை முடியாது. அதிர்வில் அது கழன்றுவிடாதபடி போல்ட் தலையிலுள்ள துளை வழியாக மெல்லிய எஃகுக் கம்பியை விட்டு, முறுக்கி, அடுத்த போல்ட்டோடு கட்டுவார்கள். முறுக்கு அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு இருக்க வேண்டும். குறைந்தால் கம்பி தளரும், கூடினால் கம்பி நொந்து அறும். கம்பி இழுக்கும் திசை, போல்ட் இறுகும் திசையாக இருக்க வேண்டும். போல்ட் கழல முயன்றால் கம்பியே அதைப் பிடித்து நிறுத்தும். நான் கட்டியது கல்லுப் போல இருந்தது. பயிற்றுநர் குனிந்து முறுக்குகளை எண்ணினார். கட்டரை எடுத்து வெட்டிவிட்டார்.

"கல்லு மாதிரி இருக்கே சார்" என்றேன்.

"அது உன் கைக்குத் தெரியும். நாளைக்கு இதைப் பார்க்க வர்றவனுக்கு உன் கை இருக்குமா? அவன் எண்ணித்தானே பார்ப்பான்."

டார்க் ரெஞ்ச் இன்னும் மோசம். தேவையான அளவை அதில் வைத்து இறுக்கினால், அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று ஒரு சத்தம். அங்கேயே நிறுத்த வேண்டும். என் மணிக்கட்டு நிற்காது. கிளிக் கேட்ட பிறகும் ஒரு கால் சுற்று தானாகப் போகும். அப்பாவின் பட்டறையில் அந்தக் கால் சுற்றுதான் மரியாதை. அது இல்லாவிட்டால் வேலையில் பாதிதான் செய்தது போல் இருக்கும். இங்கே அந்தக் கால் சுற்றுக்காக நல்ல போல்ட்டுகள் கழித்துப் போடப்பட்டன. காரணம் பிற்பாடு புரிந்தது. இறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது. அந்த நீட்சிதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. எல்லை தாண்டி நீண்டுவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. மரையில் எண்ணெய் இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துக்கூட அதே டார்க்கில் நீட்சி மாறும். அதனால்தான் மேனுவலில் எண்ணோடு சேர்த்து அதையும் எழுதியிருப்பார்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டேனே தவிர, உள்ளே ஒருவன் நம்பவில்லை. வெள்ளைக்காரன் எழுதிவைத்த சம்பிரதாயம், நம் ஆள் இதே வேலையைப் பாதி நேரத்தில் செய்வான் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் வாயை அடைத்தது ஒன்பதாவது மாட்யூல். மனிதத் தவறுகளைப் பற்றிய பாடம் அது. எல்லோரும் கதைப் பாடம் என்று கடைசி நேரத்தில் புரட்டுவார்கள்.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பியது. பதினேழாயிரம் அடி உயரத்தில் கேப்டனின் முன்பக்கக் கண்ணாடி முழுதாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கேப்டன் டிம் லான்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். விமானப் பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் இறந்தேவிட்டார் என்றுதான் உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள். பிழைத்தார், சில மாதங்களில் மறுபடி ஓட்டவும் வந்தார்.

நான் நின்றுபோனது அதற்கு முந்தைய நாள் அதிகாலையில். அந்தக் கண்ணாடியை மாற்றிப் பொருத்தியவர் ஒரு ஷிஃப்ட் மேலாளர். அனுபவசாலி, நல்ல வேலைக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆள் பற்றாக்குறை என்பதால் தானே இறங்கினார். பழைய கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய போல்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி தேடி ஸ்டோருக்குப் போனார்.

மாதிரிக்கு ஒரு போல்ட்! பாலக்கோடு கடைத்தெருவில் நானே ஆயிரம் தடவை செய்தது.

வெளிச்சம் சரியில்லாத இடத்தில், டப்பாவில் கைவிட்டு, பழையதோடு ஒப்பிட்டு எடுத்தார். மொத்தம் 90 போல்ட்டுகளில் 84, வேண்டியதைவிட விட்டத்தில் 0.66 மில்லிமீட்டர் சிறியவை. இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் மாதிரிக்குக் கொண்டுபோன பழைய போல்ட்டே சரியானது இல்லை. முன்னால் யாரோ குட்டையான போல்ட்டைப் போட்டிருந்தார்கள், அது வருடக்கணக்கில் தாங்கியும் இருந்தது. பழையது அங்கே இருந்தது என்பதற்கு மேல் அது எதற்கும் சாட்சி இல்லை. பார்ட் கேட்டலாக்கில் சரியான எண் இருந்தது. புரட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை.

லீவில் ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். ஜெயித்துவிட்ட தோரணையில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மோட்டார் ஒன்றுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

"ஸ்டோர்ல ஆள் யாரும் இல்லியா?"

இருந்தார். பல வருடம் அந்த ஸ்டோரிலேயே இருந்தவர். அந்தக் கண்ணாடிக்கு இந்த அளவு இல்லை, அடுத்த அளவு போடுவார்கள் என்று மேலாளரிடம் சொல்லவும் செய்தார். மேலாளர் தன் கையிலிருந்த மாதிரியை நம்பினார். ஸ்டோர்க்காரர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

"அப்ப போல்ட்டு மேல என்னா தப்பு? சொன்னவன் பேச்ச கேக்கல. சொன்னவனும் அதோட வுட்டுட்டான்." கொஞ்சம் கழித்து, "பெரிய ஆபீசரு கிட்ட அவன் எப்பிடி மல்லுக்கு நிப்பான், பாவம்" என்றார்.

நான் அந்தப் பாடத்தை மூன்று முறை படித்திருந்தேன். மூன்று முறையும் மேலாளரின் இடத்தில்தான் என்னை வைத்துப் பார்த்திருந்தேன். அப்பா சொன்ன பிறகுதான் ஸ்டோர்க்காரரின் இடத்தில் நின்று பார்த்தேன். அங்கே நான் என்ன செய்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாயே திறந்திருக்கமாட்டேன். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவன். வகுப்பில் ஆங்கிலத்தில் சொன்னது புரியாதபோதெல்லாம் "எஸ் சார்" என்று தலையாட்டித் தப்பித்தவன். சென்னைப் பையன்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், கேட்டால் சாருக்கு மரியாதைக் குறைவோ என்ற கூச்சம் மறுபக்கம். கால் சுற்றை விடுவதற்காவது டார்க் ரெஞ்ச் கிளிக் என்று உதவியது. இதற்கு எந்தச் சத்தமும் கிடையாது.

பறக்கிற விமானங்களில் வேலை பழகப் போன இடத்தில் இந்த மௌனத்தை ஒவ்வொரு இரவும் பார்த்தேன். கூடவே இன்னொன்றையும் பார்த்தேன். நல்ல எஞ்சினியர்கள் கேள்வி கேட்கிறவனைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். கேட்காதவனைக் கருவிப்பெட்டி தூக்க அனுப்பினார்கள். நான் கொஞ்ச காலம் பெட்டி தூக்கினேன். பிறகு திக்கித் திணறி, தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கினேன். முதலில் "சாரி சார்" என்று ஆரம்பிப்பேன். ஒரு மலையாளி எஞ்சினியர், "சாரி எதுக்கு? மேனுவல் பக்கம் எத்தனைன்னு சொல்லு" என்று அதை நிறுத்திவைத்தார்.

இப்போது கையெழுத்துப் போடும் இடத்தில் நான் இருக்கிறேன். பென்னாகரத்துப் பக்கமிருந்து ஒரு பையன் பயிற்சிக்கு வந்திருக்கிறான். கை சுத்தம், வாய் பூட்டு. ஒருநாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு, சக்கரம் மாற்றும் வேலை முடிகிற நேரத்தில், நெளிந்துகொண்டே வந்து நின்றான். "சார், இந்த டார்க் வேல்யூ தப்போன்னு..." என்று இழுத்தான். எனக்குச் சுருக்கென்று வந்தது. இந்த வேலையைத் தூக்கத்தில்கூடச் செய்வேன். விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம்கூட இல்லை. இருந்தாலும் இருவரும் கம்ப்யூட்டருக்கு நடந்து போய் மேனுவலைத் திறந்தோம். நான் வைத்ததுதான் சரி. அவன் பார்த்தது வேறு மாடல் விமானத்தின் பக்கம். அந்தப் பக்கத்தில் மாடல் எண் எங்கே போட்டிருக்கும் என்று காட்டிக் கொடுத்தேன். அரை மணி நேரம் போயிற்று. "நல்லதுடா, கேட்டது" என்று சொல்லி அனுப்பினேன். பாதி மனதோடுதான் சொன்னேன்.

மறுநாள் ஷிஃப்டிலும் வந்தான். "சார், ஒரு டவுட்டு." அதுவும் அவன் தவறாகத்தான் பார்த்திருந்தான். ஆனால் இந்த முறை சரியான மாடலின் பக்கத்தைத் திறந்து கையில் வைத்திருந்தான்.