செத்த பாம்பை அடிச்சவனா லாரி ஹோம்ஸ்?

ஓட்டப்பந்தயம்னா கடிகாரம் இருக்கு. நீளம் தாண்டறதுன்னா டேப் இருக்கு. குத்துச்சண்டையில ஒரு ஹெவிவெயிட் சாம்பியன் எவ்வளவு பெரியவன்னு அளக்க என்ன இருக்கு? எதிர்ல நிக்கிற ஆள்தான். அந்த ஆளோ வருஷத்துக்கு வருஷம் மாறிக்கிட்டே இருப்பான். அதனாலதான் இந்த விளையாட்டுல "அவன் யாரை அடிச்சான்?"ங்கற கேள்விக்கு இவ்வளவு சண்டை நடக்குது. வளையத்துக்குள்ள நடக்கறதைவிட வெளியில நடக்கறது ஜாஸ்தி :-)

எங்க வீட்டுல இந்தச் சண்டைக்கு ஒரே பேர்தான். லாரி ஹோம்ஸ். 1980 ஆரம்பத்துல முகமது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட கண்காட்சிப் போட்டி ஆடினாரு இல்லையா, அதை நேர்ல பார்த்தவர் எங்க ராயபுரத்துப் பெரியப்பா. அதே வருஷம் அக்டோபர்ல அலியை ஹோம்ஸ் அடிச்சான். அன்னையிலேர்ந்து பெரியப்பாவுக்கு ஹோம்ஸ் பேரைக் கேட்டாலே ஆகாது. "போடா, செத்த பாம்பை அடிச்சவனைப் பத்தி என்கிட்ட பேசாத. அதுக்கப்புறமும் அவன் அடிச்சதெல்லாம் ஊர் பேர் தெரியாத ஆளுங்க" என்பார். அமெரிக்காவுல அந்தக் காலத்துலேயே நிறையப் பேர் இதையேதான் சொன்னாங்க. அலிக்கும் டைசனுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஆள், எதிராளிங்க எல்லாம் சோதாங்கன்னு.

போன சில மாசமா ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் யூட்யூப்ல ஹோம்ஸோட சண்டைகளை வரிசையாப் பார்த்தேன். சும்மா பார்க்காம ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். (தங்கமணி கேட்டது: "இந்த வயசுல என்ன பரீட்சைங்க?") பெரியப்பா சொல்றது சரியான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அலி எனக்கும் உசிர்தான். அதுக்காக இன்னொருத்தன் ஏழு வருஷ உழைப்பை ஒரே வாக்கியத்துல தள்ளிடலாமா?

முதல்ல ஒரு குறுக்கு வழியை மூடிடறேன். "அவன் இவனை அடிச்சான், இவன் உவனை அடிச்சான், அதனால அவன் உவனைவிடப் பெரியவன்"ங்கற கணக்கு ஹெவிவெயிட்ல வேலைக்கே ஆகாது. 1973 மார்ச்சுல கென் நார்ட்டன் அலியைத் தாடை உடைய அடிச்சு ஜெயிச்சார். 1974 மார்ச்சுல ஜார்ஜ் ஃபோர்மேன் நார்ட்டனை ரெண்டே ரவுண்டுல படுக்க வச்சார். இந்தக் கணக்குப்படி ஃபோர்மேன்கிட்ட அலி ஒரு ரவுண்டு கூடத் தாங்கக்கூடாது. 1974 அக்டோபர்ல கின்ஷாஸாவுல எட்டாவது ரவுண்டுல விழுந்தது ஃபோர்மேன். ஒருத்தர் பாணி இன்னொருத்தருக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். கூட்டல் கழித்தல்ல அது வராது.

அப்ப எப்படித்தான் எடை போடறது? நான் நோட்டுல ஒவ்வொரு எதிராளி பேருக்கு நேராவும் மூணு கேள்வி எழுதினேன்.

1. அந்த ராத்திரி அவன் எந்த நிலைமையில இருந்தான்?
2. அதுவரைக்கும் உண்மையில யாரை அடிச்சிருந்தான்?
3. அதுக்கப்புறம் என்ன பண்ணினான்?

முதல் கேள்வியை அலிக்கே போட்டுடுவோம். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். அலிக்கு வயசு 38. கடைசியா ஆடினது 1978 செப்டம்பர்ல, ரெண்டு வருஷத்துக்கு மேல இடைவெளி. நரைக்குக் கறுப்புச் சாயம், உடம்பு இளைச்சு 217 பவுண்டு சொச்சம், பார்க்க பழைய அலி மாதிரியே இருந்தாரு. உள்ள ஒண்ணும் இல்ல. தைராய்டு மாத்திரை வேற சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. பத்து ரவுண்டும் மூணு ஜட்ஜுங்களும் ஹோம்ஸுக்கே குடுத்தாங்க. பதினொண்ணாவது ரவுண்டுக்கு ஏஞ்சலோ டண்டீ அலியை அனுப்பல. ஹோம்ஸ் ஒரு காலத்துல அலிக்குப் பயிற்சியில கூட நின்னு அடி வாங்கின பையன். அடிக்க மனசே இல்லாம, நிறுத்தக்கூடாதான்னு ரெஃப்ரியைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்கிறான். முடிஞ்சதும் அழுதான். என்னால அந்த வீடியோவை ஒரே மூச்சுல பார்க்க முடியல.

பெரியப்பா சொன்னது இதுவரைக்கும் நூத்துக்கு நூறு சரி. ஹோம்ஸோட பட்டியல்ல இருக்கற பெரிய பேர் இதுதான். மதிப்பில்லாத வெற்றியும் இதுதான்.

ஆனா பாருங்க, அவர் "ஊர் பேர் தெரியாத ஆளுங்க"ன்னு சொன்ன இடத்துலதான் விஷயமே இருக்கு.

1979 ஜூன்ல மைக் வீவர். சண்டைக்கு வரும்போது 19 வெற்றி, 8 தோல்வி. எட்டு தடவை தோத்தவனுக்கு உலகப் பட்டத்துக்கு ஆட வாய்ப்பான்னு சிரிச்சாங்க. அந்த ராத்திரி வீவர் ஹோம்ஸை நிஜமாவே திணற அடிச்சான். பன்னெண்டாவது ரவுண்டுல ஒருவழியா முடிச்சார் ஹோம்ஸ். சரி, சாம்பியனுக்கு அன்னிக்கு உடம்பு சரியில்ல போலன்னு விட்டுடலாம். ஆனா மூணாவது கேள்வி இருக்கே? ஒன்பது மாசம் கழிச்சு, 1980 மார்ச்சுல, அதே வீவர் பதினைஞ்சாவது ரவுண்டுல முக்கால் நிமிஷம் பாக்கி இருக்கும்போது ஜான் டேட்டை ஒரே குத்துல சாய்ச்சு டபிள்யூ.பி.ஏ. சாம்பியன் ஆனான். 1982 டிசம்பர் வரைக்கும் பட்டம் அவன்கிட்டதான் இருந்தது. அப்ப ஹோம்ஸ் அடிச்சது சோதாவையா?

வீவர் மட்டும்னா தற்செயல்னு சொல்லலாம். 1981 ஏப்ரல்ல ட்ரெவர் பெர்பிக் ஹோம்ஸோட பதினைஞ்சு ரவுண்டு நின்னு தோத்தான். 1986 மார்ச்சுல டபிள்யூ.பி.சி. சாம்பியன். 1983 மே மாசம் டிம் விதர்ஸ்பூன், அதுவரைக்கும் ஆடினதே பதினைஞ்சு சண்டைதான், ஹோம்ஸை ஒன்பதாவது ரவுண்டுல ஆட்டி வச்சுட்டான். ஜட்ஜுங்க ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஹோம்ஸுக்குக் குடுத்தாங்க. விதர்ஸ்பூன்தான் ஜெயிச்சான்னு இன்னிக்கும் சொல்றவங்க இருக்காங்க. அடுத்த மார்ச்சுலேயே அவன் டபிள்யூ.பி.சி. சாம்பியன். 1984 நவம்பர்ல 'போன்க்ரஷர்' ஸ்மித். பன்னெண்டாவது ரவுண்டுல நிறுத்தினாங்க. 1986 டிசம்பர்ல அந்த ஸ்மித், இந்த விதர்ஸ்பூனையே முதல் ரவுண்டுல முடிச்சு டபிள்யூ.பி.ஏ. சாம்பியன்.

ஆக, நாலு பேர். நாலு பேரும் ஹோம்ஸ்கிட்ட தோத்துட்டுப் போய் பின்னால சாம்பியன் ஆனவங்க. அந்த நேரத்துல பட்டியல்ல பேர் பெருசா இல்லாததால யாரும் கணக்குல எடுக்கல. இளசா, பசியோட, ஏறிக்கிட்டு இருக்கற ஆளை அடிக்கிறதுதான் கஷ்டம். கைதட்டு மட்டும் இறங்கிக்கிட்டு இருக்கற பெரிய பேரை அடிச்சாத்தான் கிடைக்கும்.

ரெண்டாவது கேள்விக்கு ஜெர்ரி கூனி நல்ல உதாரணம். 1982 ஜூன்ல ஹோம்ஸோட மோதும்போது 25 வெற்றி, தோல்வியே கிடையாது. வெள்ளைக்காரன் ஒருத்தன் பட்டத்தை வாங்கப்போறான்னு இனவெறியைக் கிளப்பி விளம்பரம் பண்ணினாங்க. அந்த 25-ஐப் பிரிச்சுப் பாருங்க. அதுல இருக்கற பெரிய பேருங்க ஜிம்மி யங், ரான் லைல், கென் நார்ட்டன். மூணு பேருமே நல்ல காலம் தாண்டினவங்க. நார்ட்டனை 54 விநாடியில முடிச்சப்ப நார்ட்டனுக்கு 37 வயசு. அதுக்கப்புறம் கூனி ஒரு வருஷத்துக்கு மேல ஆடவே இல்ல. 25-0ங்கறது பார்க்க அழகு. 19-8 வீவர் அதைவிட ஆபத்தான ஆளா இருந்தான்னு பின்னால நடந்ததை வச்சு நான் சொல்வேன். கூனியையும் மட்டம் தட்டிடக்கூடாது, பதிமூணாவது ரவுண்டு வரைக்கும் தைரியமாத்தான் நின்னான்.

பேரைப் பார்த்து ஏமாந்த கதைக்கு 1983 நவம்பர். ஜோ ஃப்ரேசியர் மகன் மார்விஸ் ஃப்ரேசியர். மொத்தம் பத்து சண்டை அனுபவம். அப்பா பேர் போஸ்டர்ல பெருசா இருந்தது. ஒரு ரவுண்டு கூட முழுசா தாங்கல. நோட்டுல இதுக்கு பூஜ்யம்.

இவ்வளவு எழுதினப்புறம் நாலாவதா ஒரு கேள்வியும் சேர்க்க வேண்டி வந்தது. இது ஹோம்ஸுக்குக் கொஞ்சம் கசக்கும். யாரோட ஆடாம விட்டான்? கிரெக் பேஜோட ஆடணும்னு டபிள்யூ.பி.சி. நெருக்கினப்ப, அந்தப் பட்டத்தையே விட்டுட்டு 1983 கடைசியில புதுசா வந்த ஐ.பி.எஃப். பக்கம் போயிட்டார். அவ்வளவு நெருக்கமா ஆடின விதர்ஸ்பூனுக்கு மறுவாய்ப்பு கிடைக்கல. பிங்க்லன் தாமஸோட ஆடல. எதிர்ப்பக்கம் டபிள்யூ.பி.ஏ. பட்டம் வச்சிருந்த யாரோடயும் ரெண்டு பட்டத்துக்கும் சேர்த்து ஒரு சண்டை நடக்கல. 1984-ல கெரி கூட்ஸியோட நடக்க இருந்தது பணப் பிரச்சினையில நின்னுபோச்சு, அதுக்கு அவர் மட்டும் காரணம் இல்ல. ஆனா மத்ததெல்லாம் அவர் கணக்குலதான் வரும். பெரியப்பா பக்கம் ஒரு வாதம் உண்டுன்னா அது இங்கதான் இருக்கு. அலி சண்டையில இல்ல.

இன்னொண்ணு. ஒரு சாம்பியனோட பட்டியல்ல கீழ்க்கோடியை மட்டும் பார்த்து எடை போட்டா யாருமே தேற மாட்டாங்க. ஜோ லூயிஸ் 1940 டிசம்பர்லேர்ந்து 1941 ஜூன் வரைக்கும் ஏழு மாசத்துல ஏழு பேரோட ஆடினார். பத்திரிகைக்காரங்க அதுக்கு 'மாசம் ஒரு சோதா'ங்கற மாதிரி பட்டப்பேர் வச்சாங்க. அந்த 'சோதா'ங்கள்ல ஒருத்தன் பட்டி பேயர், முதல் ரவுண்டுல லூயிஸைக் கயிறுக்கு வெளிய தள்ளினான். ஏழாவது ஆள் பில்லி கான். லூயிஸைவிட இருபத்தஞ்சு பவுண்டாவது எடை கம்மி. பன்னெண்டு ரவுண்டு முடிஞ்சப்ப ரெண்டு ஜட்ஜு கணக்குல கான்தான் முன்னாடி. பதிமூணாவது ரவுண்டு முடிய ரெண்டு விநாடி இருக்கும்போது நாக்கவுட். அடிக்கடி ஆடறவன் பட்டியல்ல சாதாரண ஆளுங்களும் இருப்பாங்க. மேல இருக்கற பத்துப் பேரைப் பாருங்க, எத்தனை தடவை இறங்கினான்னு பாருங்க. லூயிஸ் 25 தடவை தொடர்ச்சியா பட்டத்தைக் காப்பாத்தினார், ஹோம்ஸ் 20 தடவை.

1985 செப்டம்பர் 21 அன்னிக்கு ஹோம்ஸ் 48-0. ராக்கி மார்சியானோ கடைசியா ஆடி 49-0ன்னு முடிச்சு சரியா முப்பது வருஷம் ஆன நாள். அன்னிக்கு மைக்கேல் ஸ்பிங்க்ஸ்கிட்ட தோத்தார். இதுல ஒரு வேடிக்கை, மார்சியானோவோட 49-லயும் 37 வயசு ஜோ லூயிஸ் இருக்கார். எங்க போனாலும் இந்தச் செத்த பாம்பு கதை துரத்துது.

ஹோம்ஸையும் துரத்துச்சு. 1988 ஜனவரியில மைக் டைசன் அவரை நாலாவது ரவுண்டுல முடிச்சப்ப ஹோம்ஸுக்கும் 38 வயசு, ஒண்ணே முக்கா வருஷ இடைவெளி. அலிக்குப் போட்ட அதே கோட்டைத்தான் டைசன் பட்டியல்ல ஹோம்ஸ் பேர் மேலயும் போடணும். வயசை மட்டும் பார்த்துக் கோடு போடாதீங்கன்னும் அதே மனுஷன் காட்டினார். 1991-ல திரும்பி வந்து வரிசையா ஆடி உடம்பைத் தயார் பண்ணிக்கிட்டு, 1992 பிப்ரவரியில 42 வயசுல, தோல்வியே பார்க்காத ஒலிம்பிக் தங்கம் ரே மெர்சரை பன்னெண்டு ரவுண்டும் ஆடி ஜெயிச்சார். அதனால முதல் கேள்விக்குப் பிறந்த தேதி மட்டும் பதில் ஆகாது. கடைசியா எப்ப ஆடினான், எப்படித் தயாரானான், அதெல்லாம் சேர்த்துத்தான்.

நோட்டை மூடறதுக்கு முன்னாடி அலி பேர் இருக்கற வரியை அடிச்சேன். அதை எடுத்தப்புறமும் ஹோம்ஸ் சின்னதாகல. நார்ட்டனோட கடைசி ரவுண்டு வரைக்கும் இழுத்த சண்டை, ஏழாவது ரவுண்டுல கீழ விழுந்து எழுந்து பதினொண்ணாவதுல ஷேவர்ஸை முடிச்சது, வீவர், விதர்ஸ்பூன், ஸ்மித், எல்லாம் அப்படியே இருக்கு. இன்னொரு பக்கம், அது வெற்றி இல்லன்னா அலிக்கும் அது தோல்வி இல்ல. அந்த ஒரு வரியை அடிக்கிறது ரெண்டு பேருக்குமே நல்லது. பெரியப்பாகிட்ட இதைத்தான் சொல்லப்போறேன். ஒத்துக்க மாட்டார், அது வேற விஷயம் :-)

நீங்க கிளிட்ஷ்கோ கட்சியோ டைசன் கட்சியோ, இந்த நாலு கேள்வியை உங்க ஆளுக்கும் போட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.