உக்கிராணச் சாவி



மலருக்கு ஏதாவது எழுது என்றதும் எல்லோரும் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன். இதைப் படித்த ஒருவராவது அந்தத் தப்பைச் செய்யாமல் இருந்தால் எனக்கு அது போதும்.

சென்ற ஆண்டு எங்கள் துறை மன்றத்துக்கு வெப்சைட் தொடங்கினோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்தோம். நாம் தயார் செய்யும் பக்கங்களை நம் லேப்பிலிருந்து அந்த சர்வருக்குக் கொண்டுபோகும் வண்டிதான் எஃப்.டி.பி. இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்குப் போன நம் நாட்டுக்காரர்! முன்பெல்லாம் பிரவுசரிலேயே எஃப்.டி.பி. முகவரியைத் திறக்கலாம். 2021-ல் குரோமும் ஃபயர்பாக்ஸும் அந்த வசதியை எடுத்துவிட்டன. நாங்கள் ஃபைல்ஜில்லா வைத்திருந்தோம். இலவச மென்பொருள். 2001-ல் ஒரு மாணவரும் அவருடைய வகுப்புத் தோழர்கள் இருவரும் வகுப்பு புராஜெக்டாகத் தொடங்கியது அது. நம் புராஜெக்ட்டை ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன்.

இடம் வாங்கும்போதே ஒரு மெயின் அக்கவுன்ட் தந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியே வைத்திருந்தோம். "நமக்குள்ள என்னடா ரகசியம்?" என்று பெருமை வேறு!

சிம்போசியத்துக்கு இரண்டே நாள். பதிவுப் படிவம், நிகழ்ச்சி நிரல், வரப்போகும் கல்லூரிகளின் பட்டியல் எல்லாம் ஒரே ஃபோல்டரில். என் கணினியில் இருந்த காப்பியை ஏதோ மாற்றப்போய்க் கெடுத்துவிட்டேன். அதை அழித்துவிட்டு சர்வரிலிருந்து நல்லதை இறக்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். ஃபைல்ஜில்லாவில் இடது பக்கம் நம் கணினி, வலது பக்கம் சர்வர். இரண்டு பக்கமும் அதே பெயரில் ஃபோல்டர். பக்கத்தில் இருந்தவனோடு பேசிக்கொண்டே டெலீட் அழுத்தினேன். "நிச்சயமா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

அழிந்தது வலது பக்கம்!

கெட்டுப்போன காப்பி என்னிடம் பத்திரமாக இருந்தது. நல்லது போய்விட்டது. எஃப்.டி.பி.யில் அழித்தால் ரீசைக்கிள் பின் கிடையாது. நாங்கள் எடுத்த வாடகையில் பேக்கப் வசதியும் இல்லை. உடம்பெல்லாம் சில்லிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை லேப்பே அமர்க்களப்பட்டது. சர்வர் பதிவைத் திறந்து பார்த்தார்கள். நேரம் இருந்தது, அழித்த ஃபைல்களின் பெயர்கள் இருந்தன. ஆள்? எல்லா வரியிலும் அதே மெயின் அக்கவுன்ட் பெயர். எந்தக் கணினி என்று பார்க்கலாம் என்றால், லேப்பில் உள்ள அத்தனை கணினிக்கும் வெளியே தெரியும் முகவரி ஒன்றுதான். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு யாரையும் பிடிக்க முடியாது. யாரையும் காப்பாற்றவும் முடியாது.

முந்தின நாள் கடைசிவரை லேப்பில் இருந்தவன் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன். பழி அவன் மேல் விழுந்தது. "தெரியாத பசங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்" என்றார்கள். அவன் என்னிடம் ஓடி வந்து, "அண்ணே, நான் தொடவே இல்லண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றான். "விடுடா தம்பி, பார்த்துக்கலாம்" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டாங்க. எங்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்தது நான்தான் முதல் ஆள். அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறவங்க. சர்வர், எஃப்.டி.பி. என்று சொன்னால் எப்படிப் புரியும்? "பொருள் வச்சிருக்கிற ரூம் மாதிரிம்மா. அஞ்சு பேர்ட்டயும் ஒரே சாவி. நான் தெரியாமக் கொட்டிட்டேன், வேற பையன் மாட்டிக்கிட்டான்" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "மண்டபத்துல உக்கிராணச் சாவி ஒருத்தர் இடுப்புலதான் இருக்கும்ப்பா. ஒரு கல்யாணத்துல அதை ஆளாளுக்குக் குடுத்துட்டாங்க. நெய் டின் காணாமப் போச்சு. மொதல்ல என் பையைத்தான் கொட்டிப் பார்த்தாங்க. பாத்திரம் தேய்க்கிறவளைத்தானே பார்ப்பாங்க? நீ காலையில போய் சொல்லிடு."

காலையில் முதல் வேலையாக சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டு வாங்கினேன். தம்பியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நண்பன் பென்டிரைவில் பத்து நாள் பழைய காப்பி இருந்தது. மீதியை ஐந்து பேரும் உட்கார்ந்து இரவு ஒரு மணி வரை டைப் அடித்தோம். அந்தத் தம்பியும் உட்கார்ந்தான். சிம்போசியம் நடந்தது.

அடுத்த வாரம் சார் அனுமதியோடு ஆளுக்கொரு அக்கவுன்ட் போட்டேன். நீங்களும் போடும்போது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் சர்வரில் சி-பேனல் இருந்தது. அதில் எஃப்.டி.பி. அக்கவுன்ட்ஸ் என்ற பகுதிக்குப் போனால் பெயர், பாஸ்வேர்டு, டைரக்டரி, கோட்டா என்று கேட்கும். டைரக்டரி என்பதுதான் முக்கியம். எந்த ஃபோல்டரைக் கொடுக்கிறோமோ அதற்குள்தான் அவர் நடமாட முடியும். படம் ஏற்றுகிறவருக்குப் படங்கள் ஃபோல்டர் மட்டும். செய்தி எழுதுகிறவருக்குச் செய்தி ஃபோல்டர் மட்டும். கோட்டா என்பது எவ்வளவு இடம் என்ற அளவு. படம் ஏற்றுகிறவருக்கு 200 எம்.பி. வைத்தேன்.

இங்கே நான் இரண்டு முறை சறுக்கினேன். பெயரை அடித்ததும் டைரக்டரி கட்டத்தில் அதே பெயரில் புது ஃபோல்டர் தானாக விழுகிறது. கவனிக்காமல் விட்டேன். தம்பி உள்ளே போய், "அண்ணே, ஒண்ணுமே இல்லண்ணே" என்றான். காலி ஃபோல்டருக்குள் அவனை விட்டிருக்கிறேன்! தானாக விழுந்ததை அழித்துவிட்டுச் சரியான வழியை அடிக்க வேண்டும். இரண்டாவது, உள்ளே நுழையும்போது பெயர் மட்டும் போதாது. பெயர், அதன்பின் அட் குறி, அதன்பின் சைட் முகவரி என்று முழுசாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. வெறும் எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு மூடாத தபால் அட்டை போலப் போகிறது. நடுவில் ஒட்டுக்கேட்பவன் அப்படியே படிக்கலாம். அதனால் ஃபைல்ஜில்லாவில் டி.எல்.எஸ். கட்டாயம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்.எஃப்.டி.பி. என்பது பெயர் ஒத்திருந்தாலும் வேறு வழி. 22-ஆம் போர்ட்டில் போவது. சி-பேனலில் நாம் கூடுதலாகப் போடும் அக்கவுன்ட்கள் அந்த வழியில் போகாது. அது தெரியாமல் அரை நாள் போனது.

மெயின் அக்கவுன்ட் பாஸ்வேர்டை மாற்றி சாரிடம் கொடுத்துவிட்டோம். சீனியர் அண்ணன்கள் படிப்பு முடித்துப் போனதும் அவர்கள் அக்கவுன்ட்களை நீக்கினேன். நீக்கும்போது அந்த டைரக்டரியையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும். பதறாமல் படித்துப் பாருங்கள். சரி கொடுத்தால் அவர்கள் செய்த வேலையும் போய்விடும்! சனிக்கிழமை தோறும் முழு சைட்டையும் இறக்கி வைக்கிறோம்.

"என்னடா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு நண்பன் கோபித்துக்கொண்டான். நம்பிக்கை இல்லாமல் இல்லை நண்பா. ஒரே சாவி இருந்தால் தப்பு செய்தவன் ஒளிந்துகொள்ளலாம், நான் ஒளிந்துகொண்ட மாதிரி. செய்யாதவன்தான் எல்லோர் முன்னாலும் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். ஆளுக்கொரு சாவி என்பது அவனுக்காகத்தான்.

அந்தத் தம்பி இப்போது இரண்டாம் ஆண்டு. சைட் முழுவதையும் அவன் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் நான் போகிறேன். லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தை நானே கிழித்துவிட்டேன்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், கணினித் துறை